சுங்கத்தில் சிக்கிய இடது கால்

1

போன வாரம் ஒரு பகல் முழுக்க, கையில் டோக்கன் சீட்டை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் ஒரு சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்கென்றால், அப்பாவின் பேச்சில் பாதியை மீட்டுக்கொண்டு வர. மறு பாதி ஆம்பூரில் பத்திரமாக இருந்தது. ஊர்க்காரர்களே, இப்போதே சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

நான் ஆம்பூரை விட்டு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம். தொண்ணூறுகளில் ஒரு ஷூ ஃபேக்டரி ஆபீஸில் பேக்கிங் லிஸ்ட் அடிக்க உட்கார்ந்தவன் நான். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது படுத்துக்கொண்டால் வேலூரிலிருந்து ஆள் வர நாளாகும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் கழற்றிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதைக் கவனித்த ஜெர்மன் பையர் (ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), "எங்க ஊர் ஆபீஸுக்கு வர்றியா?" என்றார். வந்துவிட்டேன்.

இங்கே வாழ்க்கை ஒழுங்கானது. பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். குப்பையை நிறம் பார்த்துத் தொட்டியில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் கீழ்வீட்டு அம்மா கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். எதிரே பார்த்தால் சிரிப்பார், ஆனால் சீட்டு ஒட்டாமல் விடமாட்டார். பத்து வருஷத்தில் என்னோடு வாயால் சண்டை போட்ட ஜெர்மன்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் எழுத்தில்தான். எனக்கு இதில்தான் ஊர் ஞாபகம் ஜாஸ்தி. எங்கள் ஊரில் சண்டைக்குக்கூட குரல் உண்டு.

அதிலும் என் அப்பாவுக்கு இருந்த குரல்!

2

அப்பா பெயர் ஆசீர்வாதம். பெயரில் மட்டும்தான் ஆசீர்வாதம், வாயைத் திறந்தால் வேறு. ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் ரூம் மேஸ்திரி. புது டிசைன் எது வந்தாலும் முதல் ஜோடியை அந்த அறையில்தான் செய்வார்கள். ஒருத்தன் ஒற்றை ஷூவை மட்டும் கொண்டுவந்து நீட்டினால் போதும், அப்பா கூரை அதிரக் கேட்பார்:

"மறு கால் எங்கடா?"

அறையே சேர்ந்து பதில் சொல்லும்: "பொட்டியில மேஸ்திரி!"

என் அக்கா கிருபாவும் அதே அறையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் 'அப்பா', வேலையில் 'மேஸ்திரி'. சில நாள் மறந்துபோய் வீட்டிலும் "மேஸ்திரி, சோறு ஆறுது" என்பாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் தொண்டையில் கட்டி. வேலூரில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் லீவு போட்டு ஓடினேன். வீட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் நாற்காலியை ஹாலின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடா சாமு, போன்ல எப்பப் பாத்தாலும் பேக்கப்பு பேக்கப்புன்னு சொல்வியே. என் வாய பேக்கப் எடுத்துக்கோ. கம்மியா எடுக்காத. எனக்கு மிச்ச வாழ்க்கைக்கு வேணும்."

ஆபீஸில் இரவல் வாங்கி வந்த ரெக்கார்டரை முன்னால் வைத்தேன். மனுஷன் ஒரு வாரம் பேசினார். பால்காரரைத் திட்டினார். மீன் பேரம் பேசினார். வராத விருந்தாளிக்கு "வாங்க, உக்காருங்க" சொன்னார். "ஜெபம் பண்றேன்" என்று கண்ணை மூடியவர் பாதியில் திறந்து, "ஃபேனு கத்துது பாரு, ஆண்டவருக்குக் கேக்குமா?" என்றார். 'மறு கால் எங்கடா?' கேட்டபோது சமையலறையிலிருந்து அக்கா அழுகையும் சிரிப்புமாக "பொட்டியில மேஸ்திரி!" என்று கத்தியதும் அதில் பதிவாகிவிட்டது.

கடைசி நாள், அக்கா மகள் பிளெஸ்ஸி காலேஜுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"பிளெஸ்ஸிக்கு என்னிக்காவது ஒரு நாள் நிச்சயம் நடக்கும். பெரியவங்க எழுந்து ரெண்டு வார்த்த சொல்லணும். அன்னிக்கி நான் ஊமையா நிக்க மாட்டேன். இப்பவே சொல்றேன், எடுத்துக்கோ. மாப்ள யாரா இருந்தாலும் பொருந்தற மாதிரி சொல்றேன்."

சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

3

திரும்பி வந்ததும் ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனியிடம் சர்வர் வாடகைக்கு எடுத்தேன். அப்பாவின் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபேன் சத்தத்தை வடிகட்டி, நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் வைத்து இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்தேன். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் ஸ்பீக்கரில் அப்பா பேசுவார்.

ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் பழையபடி பயம் வந்துவிட்டது. பால்காரர் அரை மணி தாமதமாக வந்தால் ஜன்னல் வழியாக அப்பாவின் குரல்: "இன்னாப்பா, மாடு இப்பதான் எழுந்துச்சா?" பால்காரர் முதல் நாள் கேனைக் கீழே போட்டே விட்டாராம். அப்பா சிரித்தால் இப்போது சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். ஆமாம் என்பதற்கு மேஜையை ஒரு தட்டு. ரொம்பப் பிடித்திருந்தால் நிறுத்தாமல் தட்டுவார்.

அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்று அக்கா ஒருநாள் போனில் கேட்டாள். கிளவுட் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்களே, அதை மேகம் என்று மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அக்கா பதறிவிட்டாள். மேகமூட்டம் என்றாலே ஷூ தைக்கும் தோலில் பூசணம் பிடிக்கும் என்று வளர்ந்த வீடு எங்களுடையது.

"அப்பா குரல மேகத்துல வெச்சிருக்கியா? ஒரு காப்பி வூட்ல வெய்டா!"

"வைக்கிறேன்க்கா. இங்க என் வூட்ல ஒரு ஹார்ட் டிஸ்க்ல..."

"அது வாடகை வூடு. வூடுன்னா இதுதான்."

மேஜை ஒரு தட்டு தட்டியது. மேல்முறையீடு கிடையாது.

ஆகவே வீட்டுக் காப்பி ஆம்பூருக்குப் போனது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரே தினமும் விடிகாலையில் சர்வரைக் கூப்பிட்டு, புதிதாக நான் ஏற்றியதை மட்டும் இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளும்படி செய்தேன். கரண்ட் கட் நேரம் பார்த்து, இன்டர்நெட் மெதுவாகாத நேரம் பார்த்து, ஒருவழியாக எல்லாம் இறங்கி முடித்தது. அதோடு மாத பில் எகிறுகிறது என்று அக்கா இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அப்பா டிஸ்க்கிலிருந்தே நம்பர் பார்த்துத் தட்டப் பழகிக்கொண்டார். இந்த வசந்தத்தில் என் பழைய லேப்டாப் செத்தபோதுகூட எனக்குக் கவலையில்லை. சர்வரில் ஒன்று, வீட்டில் ஒன்று. போதாதா?

போதாது என்று யாரோ படித்தவர் கட்டுரை எழுதியிருந்தார். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காதே என்றார். நான் அக்காவுக்குப் போன் பண்ணி, "இன்னொரு டிஸ்க் வாங்கி, அதையும் போட்டு வெளியூர்ல எங்கியாவது வெச்சிடுக்கா" என்றேன்.

"அவ்ளோதானே? அது எங்களுக்குத் தெரியாதா? சாம்பிள் ரூம் வேலதான் இது" என்றாள்.

அந்தக் கடைசி வரியை நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

4

என் மகள் ரூத்துக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். என் மனைவி லில்லி ரெண்டு பேருக்கும் நடுவில் போக்குவரத்துக் காவலர். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் எதிரே வாயில் பிளாஸ்திரி ஒட்டியவள் மாதிரி நிற்பாள்.

ஆனால் தாத்தாவின் பட்டன் பக்கம் மட்டும் அவளுக்கு விளையாட்டுச் சாமான். தட்டித் தட்டிக் கேட்டு, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வாள். என் பெண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது முழுக்க ஒரு மேஸ்திரி வேலைக்காரர்களைத் திட்டும் தமிழ். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்களாம். எழுந்து நின்று, "யார்றா அது, பின்னாடி தூங்கறது?" என்றிருக்கிறாள். ஆசிரியை கைதட்டி, ரொம்ப இனிமையான மொழி என்றாராம்.

ஒரு காலையில் அவள்தான் வந்து சொன்னாள், தாத்தா திறக்கவில்லை என்று. பக்கம் வெறுமையாக இருந்தது. சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தபாலில் ஒரு கடிதம்: கம்பெனி திவால், இயந்திரங்களை அணைத்துக் கொண்டுபோய்விட்டார்கள், உள்ளே இருந்தவை கிடைக்காது, இழப்பு என்னவென்று ரெண்டு பிரதியில் எழுதி அனுப்பவும். 'இழந்த பொருள்' என்ற இடத்தில் 'என் அப்பாவின் குரல்' என்று எழுதினேன். 'மதிப்பு' என்ற கட்டத்தில் எண் மட்டுமே எழுத வேண்டுமாம். விட்டுவிட்டேன். பூர்த்தியாகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு அப்போதும் பதற்றமில்லை. வீட்டுக் காப்பி இருக்கிறதே! சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆம்பூருக்குப் போன் போட்டேன். அங்கே வேறு சந்தோஷம். பிளெஸ்ஸிக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை அமைந்து, வருகிற சனிக்கிழமை நிச்சயம்.

"அக்கா, அப்பாவோட அந்த நிச்சய வார்த்த இருக்குதில்ல? அத எடுத்து ரெடியா வெச்சிக்கோ. சர்வர் போய்ட்டுது. இனிமே நம்ம வூட்ல இருக்கறது மட்டும்தான்."

"அது எத்தினியாம் நம்பரு?"

"கடைசி நம்பர்க்கா. இருநூத்தி நாப்பது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எலிப்பொறி மாதிரி க்ளிக் க்ளிக் என்று கேட்டது.

"அது ரெட்டப்படை ஆச்சேடா" என்றாள்.

"ரெட்டப்படையா இருந்தா?"

"ரெட்டப்படையெல்லாம் எடது காலுல இருக்குது."

5

விளக்கிவிடுகிறேன். ஷூ தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையர் ஒரு சாம்பிளைப் பார்த்து 'சரி' என்றதும் அந்த ஜோடியைப் பிரித்துவிடுவார்கள். வலது கால் சீல் போட்ட அட்டையோடு ஃபேக்டரி பீரோவில் இருக்கும். இடது கால் கப்பலேறி பையரிடம் போகும். நாளைக்குச் சரக்கில் தகராறு வந்தால் அவர் தன் காலை எடுப்பார், நாங்கள் எங்கள் காலை எடுப்போம். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்றைப் பார்த்து அச்சு மாறாமல் செய்துவிடலாம். ஜோடியை ஒரே இடத்தில் வைப்பது சாம்பிள் ரூமில் பெரிய குற்றம்.

நான் 'ஒரே இடத்தில் வைக்காதே' என்றதும் அக்காவும் அப்பாவும் அந்தக் கைத்திறமையைக் காட்டிவிட்டார்கள். ஒற்றைப்படை நம்பர் எல்லாம் வலது கால், பழைய டிஸ்க்கிலேயே. ரெட்டைப்படை எல்லாம் இடது கால், புது டிஸ்க்கில். இடது கால் வேண்டுமென்றால் கேபிளை மாட்டிச் சர்வரில் கேட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

"காப்பி பண்ணலியாக்கா? அங்கியும் இருக்கணும், இங்கியும் இருக்கணும்!"

"கட் பண்ணி பேஸ்ட் பண்ணேன். கட்டிங்கு, பேஸ்டிங்கு, இருவது வருஷமா அதானேடா என் வேல?"

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

"சரி, அந்த எடது காலு எங்க? பாகாயத்துல சித்தப்பா வூட்லயா?"

"எடது காலு எங்க போவும்? பையர்கிட்டதான்."

"எந்த பையர்?"

"நீதான்டா! நீ போயி பத்து வருஷமாவுதுன்னு அப்பா அவரு கையால உனக்கு ஒரு ஷூ பண்ணாரு. அதுல எடது கால்ல, மூக்குப்பக்கம் பேப்பர் அடைக்கிற எடத்துல டிஸ்க்க வெச்சி, பார்சல் போட்டோம். சொல்லாத, பிரிச்சிப் பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்னு அப்பா சைகை காட்டிட்டாரு. உனக்கு இன்னும் வர்ல?"

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அப்பாவின் குரல், சாம்பிள் ரூம் உச்சத்தில்: "மறு கால் எங்கடா?"

வழக்கமான பதில் வரவில்லை. அக்காவின் 'பொட்டியில மேஸ்திரி' ரெட்டைப்படை நம்பர். அது பார்சலில் போய்விட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், லில்லி ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே காந்தத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. சுங்கத்தில் உங்களுக்கு ஒரு பொட்டலம், நேரில் வரவும். எப்போதும் போல ஊறுகாயாக இருக்கும், அதற்காக லீவு போட வேண்டுமா என்று ஒட்டி வைத்தது.

"இதெல்லாம் அலங்காரத்துக்கு ஒட்டறதா?" என்றாள்.

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் கடைசித் தேதி இருந்தது. அதற்குள் வாங்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். கடல் வழியாக. கடைசித் தேதி வியாழன். நிச்சயம் சனி.

இதற்கிடையில் ஆம்பூரில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். நிச்சயத்துக்கு முன்னால் ஜெபம் பண்ண பாஸ்டர் வந்திருக்கிறார். அப்பா பழைய பழக்கத்தில் உற்சாகமாகத் தட்டினார்: "வாங்க, வாங்க!" அடுத்தது 'உக்காருங்க' வர வேண்டும். அது ரெட்டைப்படை. தாவிவிட்டது. அதற்கடுத்த ஒற்றைப்படை பேசியது: "எப்பக் கெளம்பறீங்க?" பாஸ்டர் செருப்பைக் கழற்றிய கையோடு திரும்ப மாட்டிக்கொண்டாராம். அவரை உட்கார வைக்க நாலு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கிளம்பிப் போனபின் அப்பா கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடிவிட்டார். அன்று முழுக்க மேஜையில் ஒரு தட்டுகூட இல்லை என்று அக்கா சொன்னபோது அவள் குரலில் கேலி போய்விட்டிருந்தது. 'அன்னிக்கி நான் ஊமையா நிக்க மாட்டேன்' என்று சொன்ன மனுஷன்.

6

சுங்க அலுவலகம் ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் இடத்தில். என் டோக்கன் வரும்போது அந்த அதிகாரி அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒற்றை ஷூ. பழுப்பு நிறம், பூனை மாதிரி பளபளப்பு. தையல் பார்த்ததுமே அப்பா கை என்று தெரிந்தது. மேலே அக்காவின் கையெழுத்தில் சீட்டு: 'ஷூ சாம்பிள், இடது கால் மட்டும், விற்பனைக்கு அல்ல.' அவள் ஏற்றுமதி ஒழுங்கில் எந்தக் குறையும் இல்லை.

"வலது கால் எங்கே?" என்றார் அந்த அம்மா.

உலகம் முழுக்க இதே கேள்விதான்.

"இந்தியாவில்" என்றேன்.

"நீங்கள் ஷூ வியாபாரியா?"

"இல்லை, மகன்."

அவர் ஷூவுக்குள் கையை விட்டார். கை நின்றது. பேப்பரில் சுற்றிய டிஸ்க்கை மெதுவாக வெளியே எடுத்தார். சீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முகம் மாறியது.

"இது என்ன?"

பத்து வருஷமாக வளர்த்த என் ஜெர்மன் அந்த இடத்தில் தடுக்கி விழுந்தது. 'இதில் என் அப்பாவின் குரல் இருக்கிறது' என்று சொல்ல நினைத்து, "இதில் என் அப்பா இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்தி மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தணிந்த குரலில், "எப்போது காலமானார்?" என்றார்.

"ஐயோ, இல்லை! நேற்றுகூடத் திட்டினார்!"

கொண்டுபோயிருந்த புது லேப்டாப்பை எடுத்து, என் இயந்திரத்திலேயே போட்டுக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். பக்கத்து மேஜைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு அனுமதித்தார். டிஸ்க் சுழன்றது. ரெட்டைப்படை நம்பர்கள் வரிசையாக நின்றன. கடைசியில் இருநூற்று நாற்பது. எனக்கு மூச்சு வந்தது.

"ஏதாவது ஒன்றைப் போடுங்கள்" என்றார். பதற்றத்தில் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"டீ வந்துச்சா? வந்துதுன்னா சொல்லு! வர்லன்னாலும் சொல்லு! நான் போயி இன்னான்னு கேக்கறேன்!"

டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த அறை கட்டப்பட்ட நாளிலிருந்து அப்படியொரு சத்தம் அதில் எழுந்திருக்காது.

"கோபமாக இருக்கிறாரா?"

"இல்லை, இதுதான் சந்தோஷம்."

"என்ன சொல்கிறார்?"

மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். "நியாயமான கேள்வி" என்றார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்க் காபி கொண்டுவந்தார், எனக்கும் சேர்த்து. பத்து வருஷத்தில் ஜெர்மன் அரசாங்கம் எனக்குக் கொடுத்த முதல் காபி.

இடது காலுக்கு மட்டும் வரி போட அந்த அம்மாவின் புத்தகத்தில் இடமில்லை. டிஸ்க்குக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திப் பெட்டியை நீட்டினார். அங்கேயே ஷூவைப் போட்டுப் பார்த்தேன். பத்து வருஷமாக என் காலை அப்பா அளந்ததில்லை. இருந்தாலும் விரல் நுனி வரை அளவு சரியாக இருந்தது.

7

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிஸ்க்கை ரெண்டு இடத்தில் காப்பி எடுத்தேன். இந்த முறை நானே, என் கையால், வாடகை வீட்டிலேயே. இருநூற்று நாற்பதை மட்டும் முதலில் அக்காவுக்கு மெயிலில் அனுப்பினேன். அவள் கேபிளைத் திரும்ப மாட்டியிருந்தாள். மிச்சம் இறங்க நாளாகும்.

சனிக்கிழமை அக்கா என்னைப் போனில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் நடத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு காலில் அப்பாவின் ஷூ, மறு காலில் வீட்டுச் செருப்பு. ரூத் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். சாப்பாடு முதலில் ஆகிவிட்டது. மதிய வெக்கை, வயிறு நிறையப் பிரியாணி. பாஸ்டர் ஜெபத்தைக் கொஞ்சம் நீளமாக ஆரம்பித்துவிட்டார். ஆமென் சொன்னதும் அக்கா, "இப்ப எங்கப்பா ரெண்டு வார்த்த பேசுவாரு" என்றாள். அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. பேச முடியாதவர் எப்படிப் பேசுவார்?

அப்பா எழுந்து கம்ப்யூட்டர் மேலிருந்த துண்டை எடுத்தார் என்று அக்கா கிசுகிசுத்தாள். ஒரு க்ளிக்.

"யார்றா அது, பின்னாடி தூங்கறது? நிமிந்து உக்காரு!"

ஆம்பூரில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மாப்பிள்ளையின் அப்பா, முப்பது வருஷம் பிள்ளைகளிடம் இதையே சொன்னவர், தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றுவிட்டாராம். "இல்லீங்க, தூங்கல, கண்ண மூடி ஜெபம் பண்ணேன்!" என்றார். அவ்வளவுதான், மொத்த வீடும் வெடித்தது. கடைசியில் அவரே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். 'சம்பந்தி, நீங்க என் ஸ்கூலுக்கு வந்திருக்கணும்' என்றது எனக்கே கேட்டது. பக்கத்து நம்பர், விரல் தவறிவிட்டது என்று அக்கா பைபிள்மேல் சத்தியம் பண்ணுகிறாள். அப்பா விரல் எனக்குத் தெரியும்.

இரண்டாவது க்ளிக். இப்போது அப்பாவின் குரல், நேரில் நான் மட்டுமே ஒரு மத்தியானம் கேட்ட அந்த மெல்லிய குரல்:

"எங்க வூட்டுப் பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்கறோம். எனக்கு ஷூ மட்டும்தான் தெரியும், அதனால அதையே சொல்றேன். புதுசுல கொஞ்சம் கடிக்கும். ரெண்டு பேரும் பொறுத்துக்கோங்க, நடக்க நடக்கப் பதமாய்டும். எங்க கடிக்குதுன்னு வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கோங்க. அப்பவும் கடிச்சா எங்கிட்ட வாங்க. தட்டிச் சரி பண்ணித் தர்றேன். நல்லா இருங்க."

பிளெஸ்ஸி மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஹெட்மாஸ்டர், "இதுக்கு மேல நான் இன்னா பேசறது?" என்று உட்கார்ந்துவிட்டார்.

"டேய் சாமு" என்றாள் அக்கா, கரகரத்த குரலில். "அப்பா உங்கிட்ட ஏதோ கேக்கணுமாம். இரு, போன ஸ்பீக்கர் பக்கம் வெக்கிறேன்."

க்ளிக்.

"மறு கால் எங்கடா?"

வலது கால் ஆம்பூரில் அவர் பீரோவில், சீல் போட்ட அட்டையோடு இருக்கிறது என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். பையர் நேரில் போனால்தான் அது வெளியே வரும். டிசம்பரில் வருகிறேன் அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்பா காத்திருந்தார். அங்கே பதில் நம்பர் இன்னும் இறங்கவில்லை.

என் தோளுக்கு மேலே எட்டிப் பாய்ந்து, போனைப் பிடுங்கி, அச்சு அசலாகக் கத்தினாள் ரூத்:

"பொட்டியில மேஸ்திரி!"

ஆம்பூரில் மேஜையைத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. பிரியாணித் தட்டுகள் குலுங்கின, அக்கா "போதும்பா, மேஜ ஒடையப் போவுது" என்று கத்தினாள், ஹெட்மாஸ்டரும் சேர்ந்து தட்டினார். அது நிற்கவேயில்லை.